பாங்காக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவ் ப்ரயா ஆறு வளைந்து ஓடும் இடத்தில், 1782ல் முதலாம் ராமர் என்று அழைக்கப்படும் தாய்லாந்து மன்னர் தன் தலைநகரை அமைத்தார். அரண்மனையும் பெரிய கோயில்களும் இன்றும் அந்த வளைவுக்குள்தான் இருக்கின்றன. கண்ணாடிக் கோபுரங்கள், மால்கள், மேம்பால ரயில் எல்லாம் கிழக்கே சியாம், சிலோம், சுகும்வித் பக்கம் வளர்ந்தவை. இரண்டுக்கும் இடையில் உலகப் புகழ்பெற்ற போக்குவரத்து நெரிசல். அந்த இடைவெளியைச் சாலை வழியாகக் கடக்க நினைப்பவர்களுக்குப் பாதி நாள் காரிலேயே போய்விடும். ஆற்றையும் ரயிலையும் நம்புகிறவர்களுக்கு ஊர் சுருங்கிவிடும். கீழே உள்ள பதில்கள் பலவும் இதையே சுற்றி வரும். கட்டணங்கள் தாய் பாட் கணக்கில் உள்ளன. அவ்வப்போது ஏறும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

முழுதாக நான்கு நாள். முதல் நாள் அரண்மனை, வாட் போ, வாட் அருண் (‘வாட்’ என்றால் கோயில்). இரண்டாம் நாள் பழைய நகரின் மற்ற கோயில்கள், மாலையில் சைனாடவுன். மூன்றாம் நாள் புதிய நகரம், பூங்காக்கள், சிலோம். நான்காம் நாள் பழைய தலைநகரான அயுத்தயா, அல்லது சனி ஞாயிறாக இருந்தால் சதுசக் சந்தை. இரண்டே நாள்தான் இருக்கிறதென்றால் ஊருக்கு வெளியே போகும் திட்டத்தை விட்டுவிடுங்கள். மிதக்கும் சந்தை, புலிப் பூங்கா, பட்டாயா என்று எல்லாவற்றையும் ஒரே பொதியில் அடைக்கும் சுற்றுலாத் திட்டங்களில் போகிறவர்கள் பாங்காக்கைப் பார்ப்பதே இல்லை. பேருந்து ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். விடுதிக் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் காற்று மாசு கூடும். ஆஸ்துமா உள்ளவர்கள் நவம்பர் அல்லது டிசம்பர் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மார்ச் முதல் மே வரை கொளுத்தும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் என்னும் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. தெருவில் இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாது, பல கடைகளும் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஆனால் பெரும்பாலும் மாலையில் ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலையில் கோயில், மழை நேரத்தில் அருங்காட்சியகமோ மாலோ என்று வைத்துக்கொண்டால் மழைக்காலத்திலும் நிம்மதியாகச் சுற்றலாம்.

விசா வேண்டுமா? வேறு என்ன படிவம்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. டிக்கெட் போடும் வாரத்தில் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நண்பர் போன வருடம் போன கதையை நம்ப வேண்டாம்.

விசா தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும், 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை எல்லா வெளிநாட்டவருக்கும் கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். தேடுபொறியில் மேலே வரும் சில தளங்கள் இதே படிவத்துக்குப் பணம் கேட்கும்; அவை அரசுத் தளங்கள் அல்ல. உண்மையான முகவரி ‘ஜிஓ டாட் டிஹெச்’ என்றுதான் முடியும். தங்கும் விடுதியின் முழு முகவரி, விமான எண் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, செலவுக்கான பணம் ஆகியவற்றைக் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். அவற்றைக் காகிதத்தில் எடுத்துப் போங்கள். கைபேசி சார்ஜ் இறங்கினால் வரிசையில் நின்று தவிக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

எந்தப் பகுதியில் தங்குவது?

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எங்கு வேண்டுமானாலும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விருப்பம்தான். சிலோம், சபான் தக்சின் பக்கம் தங்கினால் ரயிலும் படகும் கைக்கெட்டும் தூரம்; முதல்முறை போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், மாரியம்மன் கோயிலும் சைவ உணவகங்களும் அருகிலேயே இருப்பதால். சுகும்வித்தில் அசோக் சந்திப்பு இரண்டு ரயில் வழிகள் சேருமிடம். கவ்சான் சாலை மலிவு, ஆனால் ரயில் இல்லை, இரவெல்லாம் இசைச் சத்தம். விடுதித் தளங்களில் ‘சுகும்வித்’ என்று மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்தச் சாலை மிக நீளமானது, அதன் கிளைச் சந்துகளில் சில ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படி வருவது?

முதலில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். சுவர்ணபூமி கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. மலிவு விமானங்கள் பலவும் வடக்கே உள்ள தோன் முவாங்கில் இறங்கும்.

சுவர்ணபூமியின் அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில் நிற்கிறது. காலை ஐந்தரை அளவில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். கடைசி நிலையமான பயா தாய்க்கு அரை மணிக்கும் குறைவு, கட்டணம் 45 பாட். அங்கே பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறலாம். மக்கசானில் இறங்கினால் நடைபாலம் வழியே எம்ஆர்டி சுரங்க ரயில். அதே அடித்தளத்தில் பணம் மாற்றும் தனியார் கடைகளும் உண்டு. மேலே வருகைக் கூடத்தில் உள்ள வங்கிகளைவிட இங்கே விலை நன்றாகக் கிடைக்கும்.

நான்கு பேர், பெட்டிகளோடு என்றால் டாக்சிதான் சரி. தரைத்தளத்தில் உள்ள இயந்திரத்தில் சீட்டு எடுங்கள். அதில் இருக்கும் எண்ணுள்ள தடத்தில் உங்கள் டாக்சி நிற்கும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். மீட்டரோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச்சாலைச் சுங்கம் ஆகியவற்றை நீங்கள்தான் தர வேண்டும். கூட்டிப் பார்த்தால் நகர மையத்துக்கு 350 முதல் 500 பாட் வரை வரும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். பெட்டி மறந்துபோனாலும் தகராறு வந்தாலும் வண்டியைக் கண்டுபிடிக்க அந்த எண் ஒன்றுதான் வழி.

தோன் முவாங்கிலிருந்து அடர்சிவப்பு வழி ரயில் இருக்கிறது. க்ருங் தெப் அபிவத் மத்திய நிலையத்தில் இறங்கி, பாங் சூ நிலையத்தில் எம்ஆர்டிக்கு மாறலாம். ஏ1 பேருந்து 30 பாட்டுக்கு மோ சித் பிடிஎஸ் நிலையத்தில் விடும்.

பிடிஎஸ், எம்ஆர்டி இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டா?

இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்கும். 1999ல் வந்த பிடிஎஸ் மேம்பாலத்தில் ஓடுவது. 2004ல் வந்த எம்ஆர்டி நீலவழி பெரும்பாலும் நிலத்தடியில். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். அசோக் நிலையத்துக்குக் கீழே உள்ள எம்ஆர்டி நிலையத்தின் பெயர் சுகும்வித்; சாலா தேங்குக்குக் கீழே சிலோம்; மோ சித்துக்குக் கீழே சதுசக் பார்க். இடம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. வரைபடத்தில் இதைக் கவனிக்காதவர்கள் மாற வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு தொடாமல் செலுத்தும் அட்டையை வாயிலில் காட்டியே நுழையலாம். வெளியேறும்போதும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். இருவர் ஒரே அட்டையில் போக முடியாது. அட்டை இல்லையென்றால் கறுப்பு பிளாஸ்டிக் டோக்கன்: நுழையும்போது தொட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட வேண்டும். பிடிஎஸ்ஸுக்கு ரேபிட் கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் முன் நிற்கும் நேரம் மிச்சம். அதை வாங்கக் கடவுச்சீட்டு கேட்பார்கள்.

பிடிஎஸ்ஸின் இரண்டு பச்சை வழிகளும் சியாம் நிலையத்தில் சந்திக்கின்றன. ரயில் குளிர்பதனம் கடுமையாக இருக்கும். வியர்வையோடு ஏறும் குழந்தைகளுக்கு ஒரு மெல்லிய மேலாடை பையில் இருக்கட்டும்.

பழைய நகருக்கு எது நல்ல வழி, ரயிலா படகா?

2019ல் நீலவழி நீண்ட பிறகு ரயிலே போதும். சனம் சாய் நிலையத்தில் இறங்கினால் வாட் போ சில நிமிட நடை, அரண்மனை வாயில் கால் மணி நடை. நிலையத்தையே அரசவை மண்டபம் போலத் தூண்களும் பொன்வேலைப்பாடுமாக அமைத்திருக்கிறார்கள். அவசரமாக எஸ்கலேட்டர் ஏறிவிடாமல் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள்.

ஆனாலும் ஒருமுறையாவது படகில் போக வேண்டும். பிடிஎஸ் சபான் தக்சினில் இறங்கினால் எதிரிலேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே இரண்டு வரிசை. நீலக்கொடிப் படகு சுற்றுலாப் பயணிகளுக்கு, விலை அதிகம். ஆரஞ்சுக்கொடிப் படகு ஊர்மக்களுக்கானது, எங்கே இறங்கினாலும் 16 பாட் அளவில் ஒரே கட்டணம். துறையில் உள்ளவர்கள் வெளிநாட்டவரைப் பார்த்ததும் நீலக்கொடிக்கே கை காட்டுவார்கள். ‘ஆரஞ்சு’ என்று கேட்டால் வழிவிடுவார்கள். படகில் ஏறி உட்காருங்கள். நடத்துநர் நீண்ட தகர உருளை ஒன்றைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டு வருவார். சில்லறையும் டிக்கெட் சுருளும் அதற்குள்தான். அந்தச் சத்தம் பக்கத்தில் வந்தால் பணத்தை எடுக்க வேண்டும். 1,000 பாட் நோட்டை நீட்டாதீர்கள். அரண்மனைக்குத் தா சாங், வாட் போவுக்குத் தா தியன், சைனாடவுனுக்கு ராட்சவோங். படகு துறையில் நிற்பது சில நொடிதான். உங்கள் துறைக்கு முந்தையது தாண்டியதும் எழுந்து பின்பக்கம் போய்விடுங்கள். மாலை 6 மணிக்கு மேல் படகுகள் குறைந்துவிடும்.

இன்னொரு நீர்வழி சேன் சேப் கால்வாய். பொன்மலைக் கோயிலருகே உள்ள பான்ஃபா துறையிலிருந்து பிரதுநாம் வழியே புதிய நகருக்குள் ஓடும். மாலை நெரிசலில் டாக்சி ஒரு மணி நேரம் எடுக்கும் தொலைவை இது கால் மணியில் கடந்துவிடும். தண்ணீர் அழுக்கு, தெறிக்காமலிருக்க ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாய்த் திரையை உயர்த்துவார்கள். அந்த இருக்கை கிடைத்தால் கயிறு இழுக்கும் வேலை உங்களுடையது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கும் இந்தப் படகு வேண்டாம். குதித்துத்தான் ஏற வேண்டும், குதித்துத்தான் இறங்க வேண்டும்.

டாக்சிக்காரர் மீட்டர் போட மறுத்தால்?

இறங்கி அடுத்த வண்டியைப் பிடியுங்கள். சண்டை வேண்டாம். சுற்றுலாத் தலத்தின் வாசலில் நிற்கும் வண்டிகளைத் தவிர்த்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கை காட்டி நிறுத்தினால் பெரும்பாலும் மீட்டர் போடுவார்கள். மாலை 3 முதல் 5 வரை ஓட்டுநர்கள் வண்டி மாற்றிக்கொள்ளும் நேரம். அவர்கள் போகும் திசையில் நீங்கள் போகவில்லையென்றால் மறுப்பார்கள். அது ஏமாற்று அல்ல. கிராப், போல்ட் செயலிகளில் விலை முன்பே தெரிந்துவிடும், மழை நேரத்தில் மட்டும் எகிறும். துக்-துக்கில் குறுகிய தூரம் ஒருமுறை போய்ப் பாருங்கள், விலையை ஏறும் முன் பேசி முடித்துவிட்டு.

முகவரி சொல்வதில் ஒரு நுணுக்கம். பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துக்குச் ‘சொய்’ என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஆனால் எண்கள் எதிரெதிரே பொருந்தி வராது. சுகும்வித்தில் தோங்லோ எனப்படும் 55ஆம் சொய்க்கு நேர் எதிரே இருப்பது 38. ‘56க்குப் பக்கத்தில்தானே 55’ என்று எதிர்ப்பக்கம் இறங்கித் தேடினால் கிடைக்காது.

அரண்மனையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும், என்ன உடுத்த வேண்டும்?

இரண்டரை மணி நேரம். காலை 8.30க்குத் திறக்கும், பிற்பகல் 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். கட்டணம் 500 பாட். பத்து மணிக்குப் பேருந்துக் கூட்டங்கள் வந்து குவியும், நிழலும் குறைவு. ஆகவே 8.15க்கு வாசலில் இருங்கள். வெளிநாட்டவர் நுழையும் வாயில் வடக்கே நா ப்ரா லான் சாலையில் இருக்கிறது. தா சாங் துறையிலிருந்து நேராக நடக்கலாம்.

உடை விதியில் தளர்வு கிடையாது. ஆண்களுக்குக் கணுக்கால் வரை கால்சட்டை. பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். லெகிங்ஸ், கிழிந்த ஜீன்ஸ், மெல்லிய துணி கூடாது. கையில்லாத மேலாடை போட்டுத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் விடமாட்டார்கள். தளர்வான சல்வார், அரைக்கை பிளவுஸோடு சேலை ஆகியவற்றுக்குச் சிக்கலே இல்லை. மறந்துவிட்டால் எதிரிலுள்ள கடைகளில் யானைப் படம் போட்ட கால்சட்டை வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே எல்லோரும் தேடி வருவது மரகத புத்தர். சிலை வெறும் 66 சென்டிமீட்டர் உயரம். அதை உயர்ந்த பீடத்தின் உச்சியில் வைத்திருப்பதால், சிறியதாக இருக்கிறதே என்று பலர் ஏமாற்றத்தோடு வெளியே வருகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள். கோடை, மழை, குளிர் என மூன்று பருவத்துக்கும் மூன்று பொன்னாடைகள். பருவம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவார். கால்களைப் பின்னால் மடித்து உட்கார வேண்டும். பாதம் சிலையை நோக்கக் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அதைவிட நம்மவர்கள் நேரம் செலவிட வேண்டிய இடம், கோயிலைச் சுற்றியுள்ள திண்ணைச் சுவர்கள். தாய் ராமாயணமான ராமகியனை 178 ஓவியக் கட்டங்களில் தீட்டியிருக்கிறார்கள். வடக்கு வாயிலில் தொடங்கி வலமாகச் சுற்றி வர வேண்டும். ப்ரா ராம், ப்ரா லக், நாங் சீதா, பச்சை முகத்தோடு தொட்சகன் என்ற இராவணன் என எல்லோரையும் எளிதாக அடையாளம் காணலாம். அனுமன் வெள்ளை நிறம். இங்கே அவர் பிரம்மச்சாரி அல்ல. கடற்கன்னி சுவன்னமச்சாவைக் காதலித்து ஒரு மகனும் பெறுகிறார். போர்க் காட்சிகளின் மூலைகளை அருகே போய்ப் பாருங்கள்: சமைப்பவர்கள், குழந்தையோடு நிற்பவர்கள், தூங்குபவர்கள் எனச் சாதாரண ஊர்வாழ்க்கை அங்கே ஒளிந்திருக்கும்.

‘அரண்மனை இன்று மூடல்’ என்று வழியில் ஒருவர் சொன்னால்?

பொய். நல்ல உடையில், நல்ல ஆங்கிலத்தில், சில சமயம் அடையாள அட்டையோடு பேசுவார். ‘அரச சடங்கு நடக்கிறது, மதியம்தான் திறக்கும், அதற்குள் இந்தத் துக்-துக்கில் 20 பாட்டுக்கு மூன்று கோயில் பார்க்கலாம்’ என்பார். வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ நிற்கும். ஓட்டுநருக்கு அங்கே கமிஷன். ‘இன்றோடு அரசு சலுகை முடிகிறது, ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்’ என்று சொல்லி வாங்க வைக்கும் கற்களைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது மிகக் கடினம். உண்மையான மூடல் அறிவிப்பு அரண்மனையின் அதிகாரபூர்வத் தளத்தில் இருக்கும். தெருவில் யார் சொன்னாலும் வாசல் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

வாட் போ, வாட் அருண் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

முடியும். அரண்மனை முடித்து மதியம் சாப்பிட்டுவிட்டு வாட் போ. கட்டணம் 300 பாட். பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் உண்டு. பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள்; கிண்ணத்துக்கு ஒரு காசாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள், மண்டபம் முழுக்க அந்த ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். வளாகத்தின் மற்ற பகுதியில் மருத்துவம், தசைப்பிடிப்பு நீக்கும் முறைகள், இலக்கியம் என 1,400க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளும், யோக நிலைகளில் உடலை முறுக்கி நிற்கும் முனிவர் சிலைகளும் உள்ளன. தாய் மசாஜின் தாய்வீடு இது. உள்ளேயே மசாஜ் கூடம் உண்டு; ஒரு மணி நேரத்துக்கு 500 பாட்டை ஒட்டி ஆகும். உள்ளே நுழைந்தவுடனேயே பெயர் கொடுத்துவிட்டுச் சுற்றப் போனால் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரைக்குச் சில்லறைக் காசில் படகு. வாட் அருணின் கோபுரம் முழுவதும் சீனப் பீங்கான் துண்டுகள்; தட்டுகளையும் கிண்ணங்களையும் உடைத்துப் பூக்களாகப் பதித்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் தணிந்திருக்கும். படிகள் செங்குத்து, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள். சூரியன் மறையும்போது கோபுரத்தைப் பார்க்க மீண்டும் வாட் போ கரைக்கு வந்துவிட வேண்டும்.

மற்ற கோயில்களில் எதைத் தேர்வு செய்வது?

வாட் சுதாத், லோஹ பிரசாத், பொன்மலை. மூன்றும் நடந்து போகும் தூரத்தில், கூட்டமும் குறைவு. லோஹ பிரசாத்தில் 37 உலோகக் கூர்முனைகள். ஞானத்துக்குத் துணையாகும் 37 பண்புகளைக் குறிப்பவை. பொன்மலைக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள், ஆனால் சரிவு மெதுவாக ஏறும். சைனாடவுன் போகும் வழியில் வாட் திரைமித்: அங்கே உள்ள ஐந்தரை டன் தங்க புத்தர் பல தலைமுறைகள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருந்தது. 1955ல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்துதான் தங்கம் தெரிந்தது.

தமிழோடு தொடர்புடைய இடங்கள் உண்டா?

உண்டு, பலரும் நினைப்பதைவிட ஆழமாக. வாட் சுதாத் எதிரே நிற்கும் சிவப்பு நிற ராட்சத ஊஞ்சல் சட்டத்துக்கு அருகில் தேவசதான் என்ற அரசவைப் பிராமணர் கோயில் இருக்கிறது. 1784ல் அமைந்தது, சிவன், விநாயகர், திருமாலுக்குத் தனித்தனிச் சன்னதிகள். டிசம்பர், ஜனவரியில் இங்கே நடக்கும் சடங்கின் பெயர் ‘த்ரியம்பவாய்’. நம் மார்கழித் திருவெம்பாவைதான் அது. திருவெம்பாவை, திருப்பாவைப் பாடல்கள் கிரந்த எழுத்து வழியாக இந்த அரசவைக்கு வந்து, குருமார் வாய்மொழியில் தலைமுறைகளாக ஓதப்படுகின்றன. ஒலி வெகுவாக மாறிவிட்டதால் முதலில் கேட்டால் தமிழென்று பிடிபடாது. ஊஞ்சலில் இளைஞர்கள் உயர ஆடும் நிகழ்ச்சி 1930களில் நின்றுவிட்டது. கோயிலுக்குள் சடங்கு தொடர்கிறது. மாணிக்கவாசகரும் ஆண்டாளும் பாடிய வரிகள் ஓர் அயல்நாட்டு அரச மரபின் உயிர்ப்பகுதியாக இருக்கும் இந்த இடத்தைத் தமிழ்ப் பயணிகள் கடந்து போய்விடுவது வருத்தம் தருகிறது.

சிலோம் சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் கட்டியது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் தாய் மக்களே. அவர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள். டாக்சிக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள். நவராத்திரி முடியும் விஜயதசமி இரவில் சிலோம் சாலையை மூடி ஊர்வலம் நடக்கும், தெரு முழுக்க மஞ்சள் சாமந்தி. உள்ளே படம் எடுக்கத் தடை. சுரசக் பிடிஎஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை நம்பாமல் இருந்தால். காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் மீன்சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது இருக்கும். உப்புப் போல அவை இங்கே அடிப்படை. சமைப்பவர் ஏமாற்றவில்லை, அதை அசைவமாக எண்ணுவதில்லை. கேட்க வேண்டிய சொல் ‘ஜே’. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து உள்ள சிறு கொடி தொங்கும் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. ‘மங்சவிரட்’ என்றால் முட்டை, பால் உண்டு. மீன்சாறும் எட்டிப் பார்க்கலாம். அங்கே ‘மய் சய் நாம் ப்லா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், மீன்சாறு போட வேண்டாம் என்று பொருள்.

பப்பாளிச் சாலட்டில் உலர் இறால், பாத் தாய் நூடுல்ஸில் மீன்சாறு, தோம் யாம் சூப்பில் இறால் விழுது: இந்த மூன்றும் பெயர் பெற்ற பொறிகள். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டரிசியும் தயங்காமல் சாப்பிடலாம். மார்ச் முதல் மே வரை மாம்பழம் உச்சத்தில் இருக்கும். அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவத் திருவிழாவில் சைனாடவுன் முழுக்க மஞ்சள் கொடி. மற்ற நாட்களில் மாரியம்மன் கோயிலைச் சுற்றியும், சாம் யோட் நிலையத்தருகே பஹுரத் என்ற இந்தியக் கடைத்தெருவிலும் நம்மூர் உணவகங்கள் உண்டு.

அசைவர்களுக்குச் சைனாடவுனின் யவராட் சாலை, மாலை ஆறரைக்கு மேல். திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகள் வராது. உள்ளூர்க்காரர் வரிசை உள்ள, கண்ணெதிரே சுடச்சுடச் சமைக்கும் கடையில் சாப்பிடுங்கள்.

பணத்தை எப்படி எடுத்துப் போவது?

வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் பிடிக்கும். எடுப்பதானால் ஒரேயடியாக எடுங்கள். ‘ரூபாயில் மாற்றிக் கழிக்கவா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விலை எப்போதும் நஷ்டம். அமெரிக்க டாலர் கொண்டுபோனால் கசங்காத, எழுதாத 100 டாலர் நோட்டுக்குத்தான் நல்ல விலை. படகு, தெருக்கடை, கோயில் எல்லாவற்றுக்கும் 20, 100 பாட் நோட்டு வேண்டும். பெரிய நோட்டைச் செவன்-இலெவன் கடையில் தண்ணீர் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 முதல் 11 வரை சுற்றி, மதியம் அறையில் ஓய்வு, மாலை 4க்கு மேல் மீண்டும். பிடிஎஸ் நிலையங்களில் மின்தூக்கி எல்லா வாயிலிலும் இராது. எந்த வாயிலில் என்று நிலைய வரைபடத்தில் முன்பே பாருங்கள். வாட் அருணைக் கீழிருந்தே ரசிக்கலாம். காற்றாட உட்கார பென்சகிட்டி வனப்பூங்கா: பழைய புகையிலை ஆலை நிலத்தில் 2022ல் திறந்தது, நீருக்கு மேலே சமதளமான உயர்நடைபாதை, சுற்றிலும் கோபுரங்கள். மாலை ஐந்தரைக்கு எம்ஆர்டி குவீன் சிரிகிட் நிலையத்தில் இறங்கினால் போதும். லும்பினி பூங்காவில் ஆள் நீள உடும்புகள் திரியும். சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது.

எதைச் செய்யக் கூடாது?

மன்னரையும் அரச குடும்பத்தையும் பற்றி இழிவாகப் பேசுவதும் எழுதுவதும் குற்றம். ஒவ்வொரு குற்றத்துக்கும் 15 ஆண்டு வரை சிறை. சமூக ஊடகப் பதிவும் இதில் அடங்கும். காலை 8, மாலை 6 மணிக்கு நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலித்தால் நின்ற இடத்தில் நில்லுங்கள். மின்-சிகரெட் கொண்டுபோகவே கூடாது. பெண்கள் துறவியரைத் தொடக் கூடாது. அன்புக்காகக்கூட யார் தலையையும் தொடாதீர்கள்.

ஒரு நாள் வெளியே போவதென்றால்?

அயுத்தயா. 1767ல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகர். பாங்காக்கின் மதில்களுக்கே அங்கிருந்து செங்கல் கொண்டுவந்தார்கள். வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். க்ருங் தெப் அபிவத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்; மூன்றாம் வகுப்பு மிகவும் மலிவு, ஜன்னல் திறந்திருக்கும். தாம்னோன் சாதுவாக் மிதக்கும் சந்தை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, முழுக்கச் சுற்றுலாவுக்கானது. அதற்குப் பதிலாக வாரக்கடைசியில் நகருக்குள்ளேயே தாலிங் சான் போகலாம்.

வேறு சின்ன விஷயங்கள்?

இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. நம் மூன்று முனைப் பிளக் நுழையாது. இரண்டு முனைச் சார்ஜர் நுழையும். உணவுப் பொட்டலங்களில் காலாவதி ஆண்டு புத்த ஆண்டில் இருக்கலாம், 543 கூடுதல்; 2568 என்றால் 2025. சுற்றுலாக் காவல்துறை 1155, ஆம்புலன்ஸ் 1669.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா?

‘வாட் ரீஃபண்ட்’ பலகை உள்ள கடையில், ஒரே நாளில், ஒரே கடையில் 2,000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டி பி.பி.10 படிவம் வாங்குங்கள். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்னர் சுங்க மேசைக்குப் போக வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். பெட்டியை அனுப்பிவிட்டு வந்து நின்றால் முத்திரை கிடைக்காமல் போகலாம். பணம் தரும் கவுன்டர் குடியேற்றச் சோதனைக்கு அப்பால். இரவு விமானங்களுக்கு முன் இரண்டு இடத்திலும் வரிசை நீளும், அதற்கென்று முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள்.